ஆள் பெருகியதா, வீடு பெருகியதா?

எங்கள் குமரி மாவட்டத்தில் எந்தக் குறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து முட்டி நின்றுவிடும். குழாயில் தண்ணீர் வரவில்லையா? ஜனம் பெருத்துவிட்டது. வயலெல்லாம் மனையாகிவிட்டதா? ஜனம் பெருத்துவிட்டது. சாளை மீன் கிடைப்பதில்லையா? அதற்கும் அதே பதில்தான். யாரும் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. மார்த்தாண்டம் சந்தையிலோ வடசேரி பஸ் நிலையத்திலோ மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவருக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றாது.

எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். மக்கள்தொகைப் பெருக்கமும் இயற்கை வளமும் என்ற பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கிறது. ஆள் கூடினால் வளம் குறையும் என்று ஒரே வரியில் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் பள்ளிக்கு வெளியே இறங்கி நடந்தால் அந்த வரி எங்கள் ஊர் நிலத்தோடு பொருந்த மறுக்கிறது. பொருந்தாததுகூடப் பெரிதில்லை. யாரையும் எதற்கும் பொறுப்பாக்காமல் எல்லோரும் தப்பித்துக்கொள்ள அது வழிவிடுகிறதே, அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

எண்களிலிருந்தே தொடங்குகிறேன். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களோடு தமிழ்நாட்டில் சேர்ந்த இந்த மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். 1961 கணக்கெடுப்பில் மக்கள் ஏறத்தாழ 10 லட்சம். 1971-ல் 12 லட்சத்தைத் தாண்டியது, 1981-ல் 14 லட்சத்தைத் தாண்டியது. 1991-ல் 16,00,349. அதுவரை ஒவ்வொரு பத்தாண்டிலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகு வேகம் சட்டென்று தணிந்தது. 2001-ல் 16,76,034, அதாவது பத்தாண்டில் ஐந்து சதவீதம்கூட வளரவில்லை. 2011-ல் 18,70,374; வேகம் மறுபடி கொஞ்சம் கூடியும் அந்தப் பத்தாண்டு வளர்ச்சி பன்னிரண்டு சதவீதத்தைத் தொடவில்லை, அறுபதுகளில் அது இருபதுக்கு மேல். எழுத்தறிவு 90 சதவீதத்துக்கு மேல், ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். பெண்கள் படித்து, குழந்தைகள் பிழைத்து வளர்ந்து, குடும்பங்கள் தாமாகவே சிறுத்துக்கொண்ட ஊர்களில் இது ஒன்று. அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வேண்டுமென்று ஆசிரியர்கள் வீடு வீடாகப் போகிற காலம் இது.

நெரிசல் பொய் என்று சொல்ல வரவில்லை. 2011-ல் மாநிலம் முழுவதற்கும் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றால் இங்கே 1,100 பேருக்கு மேல். பரப்பில் ஏறத்தாழ முப்பது சதவீதம் காடு என்பதால், மிச்சமுள்ள இடத்தில் நெருக்கம் இன்னும் கூடுதல். என் கேள்வி வேறு. வளர்ச்சி வேகமாக இருந்த காலத்தில் தாக்குப்பிடித்த வயலும் குளமும், வளர்ச்சி தணிந்த பிறகு ஏன் இத்தனை வேகமாக மறைந்தன?

இதற்குப் பதில் தேடினால் கொஞ்சம் பின்னே போக வேண்டும். மால்தஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1798-ல் தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மக்கள் பெருக்கல் கணக்கில் கூடுவார்கள், உணவு கூட்டல் கணக்கில்தான் கூடும், மிச்சத்தைப் பஞ்சமும் நோயும் சரிசெய்யும் என்பது அதன் சாரம். முன்பு எங்கள் பகுதி சேர்ந்திருந்த திருவிதாங்கூர் அந்தப் பயத்தை நேரில் கண்ட நாடு. அரிசியின் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. என் பாட்டி அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அரிசி என்ற சொல்லே அரிதாகத்தான் வரும். காலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, மதியம் மரச்சீனி, இரவுக்குக் கிடைத்தால் கஞ்சி. அந்த மரச்சீனியையும் ஏதோ தற்செயலாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1880-களின் தொடக்கத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசிக்குத் தட்டுப்பாடு வரும் என்று கணித்து அதைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். விளை என்று நாங்கள் சொல்லும் வறண்ட மேட்டு நிலங்களில், தண்ணீர் பாய்ச்சாமல், ஒரு குச்சியை நட்டால் கிழங்கு தரும் பயிர். அறுபது ஆண்டு கழித்து அது கல்குளத்தையும் விளவங்கோட்டையும் காப்பாற்றியது.

தண்ணீரின் கதையும் அப்படித்தான். பரளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பி நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்த பாண்டியன் அணையைப் பற்றி இங்கே குழந்தைக்கும் தெரியும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் புத்தன் அணை. 1906-ல் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது. அதைக் கட்டிய மிஞ்சின் என்ற பொறியாளரை, மூக்கன் துரை என்று ஊர் சொந்தம்போல அழைத்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெருஞ்சாணி. அறுபதுகளில், பரளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரை நடத்திக்கொண்டுபோன மாத்தூர் தொட்டிப்பாலம். அதுவரை மானம் பார்த்துக் கிடந்த விளவங்கோட்டு மேட்டு நிலத்துக்குச் சானல் தண்ணீர் வந்தது.

எஸ்தர் போசரப் என்ற டேனிஷ் பொருளியலாளர் 1965-ல் மால்தஸைத் தலைகீழாகத் திருப்பினார். ஆட்கள் கூடும் நெருக்கடிதான் மனிதர்களை வாய்க்கால் வெட்டவும், ஒருபோக நிலத்தை இருபோகமாக்கவும், புதிய விதை தேடவும் தள்ளுகிறது என்றார். எங்கள் ஊர் வரலாற்றைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். ஆட்கள் கூடக்கூட இங்கே வயலும் கூடியது, கன்னிப்பூவும் கும்பப்பூவும் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல் விளைந்தது, திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புதிய ரகங்கள் வந்தன. இன்ன அளவு என்று மண்ணில் புதைத்துவைத்த மூட்டையாக வளம் என்றுமே இருந்ததில்லை. உழைப்பும் அறிவும் ஒழுங்கும் சேர்ந்தபோது அது பெருகியது.

அப்படியானால் பிற்பாடு என்ன ஆயிற்று?

என் தாத்தாவின் வீடு செங்கல்லும் ஓடும் பலாமரச் சட்டமும் கொண்டது. ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். இன்று அதே விளையில் ஆறு கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. அவற்றில் இப்போது குடியிருக்கும் எல்லோரையும் கூட்டினால் பதினொரு பேர். இரண்டு வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. ஒன்றில் என் பெரியம்மா மட்டும் தனியாக, மாடிப்படி ஏற முடியாமல், கீழ்த்தளத்து ஒற்றை அறையில் இருக்கிறார். எங்கள் குடும்பம் விதிவிலக்கு இல்லை. பாகப்பிரிவினை நடக்கும், ஆளுக்குப் பத்து சென்ட் வரும், மகன் வளைகுடாவுக்குப் போவான், பணம் அனுப்புவான், வீடு எழும்பும், பால் காய்ச்சுவார்கள், திரும்பப் போய்விடுவார்கள். மாவட்டத்தில் 2011-ல் இருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். சராசரியாக ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. கூடு சிறுக்கச் சிறுக்க, கூட்டின் எண்ணிக்கை கூடுகிறது. நிலத்தைத் தின்பது கூடுதான்.

மேலைநாட்டுச் சூழலியலாளர்கள் பால் எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரனும் 1970-களின் தொடக்கத்தில் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். இயற்கையின் மீது விழும் சுமை என்பது ஆட்களின் எண்ணிக்கையை, ஓர் ஆள் நுகரும் அளவால் பெருக்கி, அந்த நுகர்பொருளை உண்டாக்கும் முறையாலும் பெருக்கினால் வருவது. மூன்றும் பெருக்கிக்கொள்கின்றன. நாம் முதல் எண்ணை மட்டும் உரக்கச் சொல்கிறோம். மற்ற இரண்டையும் வாய்க்குள் விழுங்கிவிடுகிறோம். ஒன்பது பேருக்கு ஒரு கிணறும் ஒரு அடுக்களையும் போதுமாக இருந்த இடத்தில், பதினொரு பேருக்கு ஆறு ஆழ்துளைக் கிணறுகளும் ஆறு செப்டிக் தொட்டிகளும் இருக்கின்றன. இதில் ஆட்தொகையின் பங்கு எவ்வளவு?

வயல் எப்படிச் சாகிறது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே நாளில் நடப்பதுபோல் தெரியும். முதலில் ஒருவர் நெல்லை விட்டு வாழை வைக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, கூலிக்கும் நெல்விலைக்கும் ஒத்துவரவில்லை, வாழைக்குலை மார்த்தாண்டம் வழியாகக் கேரளத்துக்குப் போனால் நல்ல விலை. வாழைக்கு வடிகால் வேண்டும், ஆகவே மேடு பிடிக்கிறார், பாத்தி வெட்டுகிறார். அடுத்த வயலில் தண்ணீர் தேங்குகிறது அல்லது நின்றுபோகிறது. அந்த வயல்காரரும் இரண்டு பருவம் பார்த்துவிட்டு வாழைக்கு மாறுகிறார். சில ஆண்டுகளில் வாழைக்கிடையே தென்னங்கன்று தெரிகிறது. தென்னை வளர்ந்துவிட்டால் ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் பார்வைக்கு அது தோப்பு. பிறகு ஒருநாள் டிப்பர் லாரியில் செம்மண் வந்து கொட்டப்படுகிறது, நான்கு மூலையிலும் கல் நடப்படுகிறது, "வீட்டுமனை விற்பனைக்கு" என்ற பலகை நிற்கிறது. நெல், வாழை, தென்னை, மனை. இந்த வரிசை எங்கள் பகுதியில் மாறியதே இல்லை. நடுவில் நெல் விதைத்தே தீருவேன் என்று நிற்பவருக்கு வாய்க்கால் அடைந்துபோகும். பன்றியும் எலியும் மயிலும் அவருடைய ஒற்றை வயலைத் தேடி வரும். அறுவடை இயந்திரம் இறங்கப் பாதை இருக்காது. அவர் விற்கவில்லை, விற்க வைக்கப்பட்டார்.

அந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு குன்று சரிபாதியாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு மனைக்கு ஒரு வயலும் ஒரு குன்றும் சேர்ந்தே போகின்றன.

தேரூர் பக்கம் இன்னும் நெல் வைக்கிற ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் போல ஜனப்பெருக்கம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வரப்பில் விரித்து உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், குடியிருக்க இடமில்லாதவன் எவனும் என் வயல் பத்தில் மனை வாங்கவில்லை. அவனுக்கு வாங்க முடியாது. வாங்கினவர்கள் எல்லாம் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள்" என்றார். நான் வருடக்கணக்கில் சுற்றிவளைத்து யோசித்ததை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். நிலம் இங்கே தங்கத்தைப் போல வாங்கி வைக்கிற பொருள். பசியால் வயல் போயிருந்தால் அதை ஏற்க எனக்கு மனம் வந்திருக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். இதற்கு ஒரு சின்னக் கணக்கை என் மாணவர்களோடு சேர்ந்து போட்டோம். யாரும் போட்டுப் பார்க்கலாம். எங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, ஆண்டுச் சராசரியை 1,400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,672 சதுர கிலோமீட்டரில் அது விழுந்தால் ஏறத்தாழ 2 லட்சத்து 34 ஆயிரம் கோடி லிட்டர். நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமாகக் கொள்ளும் அளவு. கிராமத்தவர் உட்பட 2011-ன் மக்கள் அத்தனை பேருக்கும் அதே அளவைக் கொடுத்தால் ஆண்டுக்கு 9,200 கோடி லிட்டர் சொச்சம். விழும் மழையில் நான்கு சதவீதம்! விவசாயத்துக்கும் காட்டுக்கும் ஆற்றின் போக்குக்கும் போக வேண்டியது பெரும்பகுதி என்பது சரிதான். அப்படியும், மழைநீரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு மட்டுமே தேவைப்படும் வீட்டுக்குழாய்கள் கோடையில் வறண்டு கிடக்கின்றன என்றால், ஆட்கள் மேல் பழிபோட எப்படி மனம் வருகிறது? ஒரு மாணவி விடையைப் பார்த்துவிட்டு, "கணக்குத் தப்பாக இருக்கும் டீச்சர்" என்று மறுபடியும் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதேதான் வந்தது.

மழையைப் பிடித்துவைக்கும் இடங்கள் போய்விட்டன. இந்த மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. நடுவில் வயல்கள் நிறைந்து நின்று கிணறுகளுக்கு ஊறிக்கொடுக்கும். கும்பப்பூ நெல் நிற்கும் மாதங்களில் பக்கத்துக் கிணறுகளில் கையால் மொண்டெடுக்கலாம். வயலை மேடாக்கிவிட்டால் குளத்துக்கும் வேலை இல்லை, மடையைத் திறந்து அடைக்கவும் ஆள் இல்லை, தாமரை வளர்த்துப் பூப் பறிக்கவும் ஆகாயத்தாமரை மண்டவும் ஆகிறது. அடுத்த கட்டம் கரையோரத்தில் ஒரு கடை, பிறகு ஒரு சமுதாயக்கூடம், பிறகு சாலை. கரையைக் குறுக்கியவர்களில் அரசும் உண்டு. நான்குவழிச் சாலை எங்கள் வயல்களையும் குளங்களையும் ஊடறுத்துத்தான் போகிறது.

2021 நவம்பர் வெள்ளத்தின்போது, தண்ணீர் தன் பழைய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் நின்றது. வயல் இருந்த மனையில் இடுப்பளவு. அதற்கு அடுத்த கோடையில் அதே தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஆட்கள் எண்ணிக்கை நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் மாறிவிடவில்லை.

2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ந்தேன், இன்றும் மகிழ்கிறேன். தேரூர் குளத்தில் குளிர்காலத்துப் பறவைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என் ஆண்டின் நல்ல நாட்களில் ஒன்று. ஆனால் உலகப் பட்டியலில் இடம் பிடித்த குளத்துக்கு வருகிற வாய்க்கால் உள்ளூர்ப் பட்டியலில் விடுபட்டுப் போனால், பலகை மட்டும்தான் மிஞ்சும்.

கல்லும் மணலும் இன்னொரு கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பாறை உடைக்கும் சத்தம் கேட்காத கிராமம் குறைவு. பன்னிரண்டு, பதினாறு சக்கரங்களோடு டாரஸ் லாரிகள் இரவும் பகலும் களியக்காவிளை எல்லையை நோக்கி ஓடுகின்றன. எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கு வரும் சாலைகள் அவை. கல்லில் ஒரு பகுதி இங்கே வீடாகிறது, பெரும்பகுதி எல்லை தாண்டுகிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நிற்கிறது, அதற்குத் தென்தமிழக மலைகளின் கல்லும் போயிருக்கிறது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்லும் அறிவு எனக்கில்லை. அந்தக் கல்லின் தேவை எங்கள் பிறப்பு விகிதத்திலிருந்து வந்ததில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். கேரளம் 2008-லேயே நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதுபோல ஒரு சட்டம் இந்தப் பக்கமும் வேண்டும் என்று பாசன சங்கங்களின் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்களை எனக்குத் தெரியும். நானும் கேட்கிறேன்.

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் கண்டுபிடித்தார். அப்போது எரிவாயு விளக்கின் வலைக்கு அந்தத் தாது தேவைப்பட்டது. பின்னர் அதிலுள்ள தோரியத்துக்காக அணுசக்தித் துறைக்கு வேண்டியதாயிற்று, இப்போது அரிய மண் தாதுக்களுக்காக உலகமே கேட்கிறது. 2024-ல் கிள்ளியூர் வட்டத்துக் கரையோர ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த மணலும் உள்ளூர்க்காரர் பெருகியதால் தேவைப்பட்டதில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராகவே ஒன்று சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊர்களில் ஆள் நெருக்கடி உண்மையானது. நீரோடி, தூத்தூர், இனயம், குளச்சல் என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள். ஒருபுறம் கடல். மறுபுறம், 1860-ல் படகு போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கி இன்று குப்பையும் சாக்கடையுமாகக் கிடக்கும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். அந்தப் பக்கம் வேறு ஆட்களின் தென்னந்தோப்பு. நடுவில் வீட்டுச்சுவரோடு வீட்டுச்சுவர் ஒட்டிக் குடும்பங்கள். பிள்ளைகள் பெருகினால் கிடைமட்டமாக விரிய இடமில்லை. கடல்வழி வருமானத்தை நம்பிய அந்த ஊர்களில் ஒரு குடும்பம் கூடினால் ஒரு வள்ளமும் ஒரு இன்ஜினும் கூடும், மீனுக்குப் போட்டியும் கூடும். மால்தஸ் சொன்னது எங்கேனும் பொருந்துகிறதென்றால் இங்கேதான்.

ஆனாலும் வகுப்பில் ஒரு கடற்கரைப் பையன் எழுந்து சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. "எங்கள் ஊரில் ஜனம் கூடியதால் இடம் குறையவில்லை டீச்சர். கடல் எடுத்ததால் குறைந்தது." அவன் சொன்னதில் பிழையில்லை. ஓர் ஊரைக் காக்கத் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கற்சுவர் நீட்டினால், கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கும் மணல் அங்கே தங்கிவிடும், அடுத்த ஊரின் கரை அரிக்கத் தொடங்கும். துறைமுகச் சுவர்களும் அதையேதான் பெரிய அளவில் செய்கின்றன. மீனும் அப்படியே. பக்கத்துக் கேரளக் கரையில் 2012-ல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன்னாக இருந்த சாளை பிடிப்பு, 2021-ல் சில ஆயிரம் டன்னுக்கு இறங்கியது. கடல் சூடாவது ஒரு காரணம். குஞ்சுமீனையும் விடாமல் வாரி, மீன்மாவுக்கும் மீன் எண்ணெய்க்கும் ஆலைக்கு அனுப்பியது இன்னொரு காரணம். அந்தக் குஞ்சுகள் எங்கள் தட்டுக்கு வரவில்லை.

விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் உண்டு. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது எங்கள் சிறப்பு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரிக்கு மேற்கே நீரோடி வரை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குறைகள் ஆயிரம் இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து கையைக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே தங்களுக்குள் விதி வகுத்து, மீறுபவரைக் கண்காணித்து, தலைமுறைகளாகக் காத்துவர முடியும் என்று உலகெங்கும் உள்ள பாசன ஊர்களையும் மீனவ ஊர்களையும் பார்த்துக் காட்டியவர். எங்கள் சானல்களில் கடைமடைக்காரருக்கும் தண்ணீர் போகும்படி முறை வைத்துத் திறந்த காலம் ஒன்று இருந்தது. முறை வைக்கும் கூட்டத்துக்கு இப்போது யார் வருகிறார்கள்? நெல் வைப்பவரே நான்கு பேர் என்றால் கூட்டம் எப்படி நடக்கும்? வளத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் போதாத ஊராகவும் நாங்கள் மாறிக்கொண்டிருக்கிறோம். இதை யாரும் பேசுவதில்லை.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்பாக வீடுகளைப் பட்டியலிடும் வேலை. எண்கள் வெளிவந்ததும் எல்லோரும் எங்கள் மாவட்டம் 20 லட்சத்தைத் தாண்டியதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நான் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கையைப் பார்க்கப் போகிறேன். வீட்டுப் பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வரும் ஊராட்சிகளின் பழைய கிராம வரைபடங்களிலிருந்து குளங்களின் பெயர்களைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எது இருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது, எதன் மேல் என்ன நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். கும்பப்பூ அறுவடைக்குள் முடிந்துவிட்டால் அந்தப் பட்டியலைக் கிராமசபையில் வைப்போம்.